சுழலும் இறக்கை படத்தில் நிற்பது ஏன்?

ஒரு ஹெலிகாப்டர் உங்கள் தலைக்கு மேலே பறக்கிறது. காமிராவைத் தூக்கிப் படம் எடுக்கிறீர்கள். பிறகு பார்த்தால், மேலேயுள்ள இறக்கைகள் அசையாமல் நிற்கின்றன! எஞ்சின் நின்றுபோய்க் கீழே விழப்போவதுபோல் தோன்றுகிறது. எங்கே நேர்ந்தது தவறு?

பெங்களூரை அடுத்த எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் ‘ஏரோ இந்தியா’ கண்காட்சி நடந்து வருகிறது. தரையில் நிறுத்தியிருக்கும் விமானங்களை மிக அருகில் நின்று நிதானமாகப் படம் எடுக்கலாம். வானில் பறப்பவற்றை எடுப்பதுதான் சோதனை. 2021இல் அங்கே சூர்யகிரண் ஜெட் விமானங்களும் சாரங் ஹெலிகாப்டர்களும் சேர்ந்து பறந்தன. இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வேகம் பொருந்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜெட் விமானம் மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது விநாடிக்கு 200 மீட்டர். ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் விமானம் 3 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படம் கலங்கிவிடும். 1/1000 விநாடி என்றால் 20 சென்டிமீட்டர்தான்; படம் தெளிவாக விழும்.

சாரங் குழுவின் ‘துருவ்’ ஹெலிகாப்டரில் பெரிய இறக்கைகள் விநாடிக்குச் சுமார் 5 முறை சுற்றுகின்றன. 1/1000 விநாடியில் அவை திரும்புவது 2 பாகைக்கும் குறைவு. எனவேதான் நின்றுவிட்டதுபோல் தெரிகின்றன. 1/60 விநாடியில் 30 பாகை திரும்பும். படத்தில் சுழற்சி தெரியும்.

அப்படியானால் ஹெலிகாப்டரின் உடலும் கலங்காதா? கலங்கும். அதற்கும் வழி உண்டு. அது செல்லும் திசையிலேயே, அதே வேகத்தில், காமிராவையும் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள்.

கைப்பேசியில் எடுத்தால் சுழலும் இறக்கை அரிவாள்போல் வளைந்தும் தெரியலாம். கைப்பேசி படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதில்லை; வரிசை வரிசையாகப் பதிகிறது. கடைசி வரிசை பதிவதற்குள் இறக்கை இடம் மாறிவிடுகிறது.

கண்காட்சியில் ஹெலிகாப்டர் உங்களைக் கடப்பது சில விநாடிகளே. ஆகவே வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். உங்கள் கூரை மின்விசிறியும் முழு வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 5 முறைதான் சுற்றுகிறது! ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி அதைப் படம் எடுங்கள். எந்த வேகத்தில் மின்விசிறி ‘நிற்கிறது’, எதில் ‘சுற்றுகிறது’ என்று குறித்து வையுங்கள். எலகங்காவில் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.