உங்களுக்குத் தெரியுமா? லீற்றர் கணக்கு

● 2022 ஜூன் கடைசியில் இலங்கையில் ஒரு லீற்றர் ஒக்ரேன் 92 பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. காசு இருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்த நெருக்கடியில்தான், ஜூலை நடுப்பகுதியில், கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது.

● தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. இலக்கத் தகட்டின் கடைசி எண் 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும். 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும். மற்றவர்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. 2023 செப்டெம்பர் 1 முதல் கியூஆர் முறை இடைநிறுத்தப்பட்டது.

● முசலிக் கரையோரத்தில், சிலாவத்துறையிலும் அரிப்பிலும், சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். 2022 ஆகஸ்டில் அதன் விலை ஒரேயடியாக 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெய்ச் செலவைக் கணக்கிடப் படகில் கிலோமீற்றர் மானி இல்லை. இயந்திரம் ஓடிய மணித்தியாலமே கணக்கு. உழவு இயந்திரத்துக்கும் இதே முறைதான்.

● அரச வாகனங்களுக்குப் பொது நிருவாகச் சுற்றறிக்கை 30/2016 ஒரு விதி வைத்திருக்கிறது: 12 மாதம், 25,000 கிலோமீற்றர், பெரிய இயந்திரத் திருத்தம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எரிபொருள் நுகர்வை மறுபடி சோதிக்க வேண்டும். சாரதி எழுதும் றன்னிங் சாட் அடுத்த மாதம் 15ஆந் திகதிக்கு முன் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குப் போக வேண்டும் என்கிறது நிதிப் பிரமாணம் 1646.

● மிக எளிய சோதனை இது: தாங்கியை நிறைத்து மீற்றரைக் குறியுங்கள்; ஓடி முடிந்ததும் மறுபடி நிறையுங்கள். 600 கிலோமீற்றருக்கு 75 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 8 கிலோமீற்றர்.

● இன்று பல கம்பனிகள் தாங்கிக்குள் மட்ட உணரியும் ஜிபிஎஸ் கருவியும் பொருத்துகின்றன. இயந்திரம் அணைந்திருக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கினால் முதலாளியின் கைபேசிக்கு எச்சரிக்கை போய்விடும். பள்ளத்தில் சரிந்து நிற்கும் வண்டியும் இந்த உணரியை ஏமாற்றும். ஒற்றை அளவை நம்பக் கூடாது.

● 1,000 லீற்றர் டீசல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 8 லீற்றர் கூடும். பவுசரிலிருந்து எண்ணெய் இறக்கும்போது வெப்பநிலை பார்ப்பது இதற்குத்தான். பெற்றோல் செட்டின் தாங்கி நிலத்துக்கடியில் இருப்பதால், விடியற்காலையில் அடித்தால் கூடுதல் கிடைக்கும் என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை.

● தண்ணீர் பவுசர் ஓரிடத்தில் நின்று பம்ப் ஓட்டும்போது டீசல் எரியும், கிலோமீற்றர் ஏறாது. அந்த நேரத்தையும் எழுதாவிட்டால் சாரதிமேல் வீண்பழி விழும்.

எண்ணெய் கூடுதலாகப் போகிறதா? முதலில் டயரில் காற்றையும், காற்று வடிகட்டியையும் பாருங்கள். சாரதியைச் சந்தேகிப்பது கடைசியில்.