320 கி.மீ. சைக்கிள் பயணம்... ஆனா மூச்சு வாங்காது! டான்யூப் கரைப் பாதை ஏன் இவ்வளவு சுலபம்?

சைக்கிளில் ஐரோப்பா என்றதும் ஆல்ப்ஸ் மலையில் வியர்க்க விறுவிறுக்க ஏறும் ரேஸ் வீரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 'அதெல்லாம் நமக்கு செட் ஆகாது' என்று ஸ்க்ரோல் செய்யும் முன் ஒரு நிமிஷம். ஸ்கூல் முடித்த பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள், குழந்தைகளோடு வரும் பெற்றோர், ரிட்டயர் ஆன தம்பதிகள் என எல்லோரும் ஓட்டுகிற ஒரு நீண்ட பாதை அங்கே இருக்கிறது. ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வரை, டான்யூப் ஆற்றை ஒட்டியே போகும் சுமார் 320 கி.மீ. பாதை அது.

பாதை எப்படி இருக்கும்?

டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறுகள் கூடும் ஊர் பஸ்ஸாவ். அங்கிருந்து ஆற்றின் இரண்டு கரைகளிலும் பெரும்பாலும் தார் போட்ட பாதை உண்டு. ஒரு கரை போரடித்தால் பாலத்திலோ படகிலோ அக்கரைக்குப் போய்விடலாம். அட்லான்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை செல்லும் 'யூரோவெலோ 6' என்ற நெடுந்தூர சைக்கிள் வழித்தடத்தின் ஒரு பகுதிதான் இது. வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருப்பதால் வழி தவறுவது கஷ்டம்.

ஏன் மேடே இல்லை?

முதல் காரணம் ஆறு. பஸ்ஸாவிலிருந்து வியன்னா வருவதற்குள் டான்யூப் இறங்குவது சராசரியாக கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. இறக்கம் என்றே கால்களுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யம். நீராவிக் கப்பல் வருவதற்கு முன், சரக்குப் படகுகள் வியன்னா பக்கம் போவது ஈஸி. ஆற்றோட்டமே இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வருவதுதான் பாடு. கரையில் குதிரைகளைப் பூட்டி, நீளமான கயிறு கட்டி, எதிர் நீரோட்டத்தில் படகுகளை இழுத்து வந்தார்கள். பெரிய படகு வரிசை என்றால் டஜன் கணக்கில் குதிரைகள் வேண்டும். பாரம் இழுக்கும் குதிரைக்கு ஏற்ற இறக்கம் ஆகாது. கயிறு நீளத்தைத் தாண்டி ஆற்றை விட்டு விலகவும் முடியாது. அதனால் தண்ணீரை ஒட்டியே சமமான பாதை போட்டார்கள். ஆஸ்திரியாவில் இதற்கு 'ட்ரெப்பல்வெக்' என்று பெயர். 1837-ல் வியன்னா–லின்ஸ் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன்பின் குதிரைகளின் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் பாதை அப்படியே நின்றது. இன்று நாம் மூச்சு வாங்காமல் மிதிப்பதற்கு அந்தக் குதிரைகள்தான் காரணம்.

20-ம் நூற்றாண்டில் வந்த நீர்மின் நிலையங்களும் கைகொடுத்தன. சில இடங்களில் அணையின் மேலேயே சைக்கிளில் ஆற்றைக் கடக்கலாம்.

எங்கே நிற்கலாம்?

ஷ்லோகன் என்ற இடத்தில் பாறை குறுக்கிட, ஆறு கிட்டத்தட்ட வந்த வழியே திரும்புகிறது. மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்; திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் மரங்கள் நடுவே பாதை போகும். இங்குள்ள டூர்ன்ஷ்டைன் கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192-93 குளிர்காலத்தில் சிறை வைக்கப்பட்டார்.

பாதையை விட்டு விலகி மேடு ஏற வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. லின்ஸைத் தாண்டியதும் வரும் மவுட்ஹவுசன். 1938 முதல் 1945 வரை இங்கே நாஜி வதைமுகாம் இயங்கியது. சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர்; குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர். கிரானைட் குவாரியில் கல் சுமக்க வைத்தே பலரைக் கொன்றார்கள். இப்போது அது நினைவிடம். அழகான ஆற்றங்கரையிலிருந்து சில நிமிடத் தூரத்தில் இது நடந்தது என்பதை அங்கே போனால்தான் உணர முடியும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* தினமும் 50 கி.மீ. என்றால் ஆறேழு நாளில் வியன்னா. மேற்கிலிருந்து கிழக்காகப் போனால் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான்.

* ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன். சைக்கிளை பஸ்ஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விடலாம். பைகளை அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவைக்கும் சேவையும் உண்டு.

* ரொம்ப முக்கியம்: அங்கே வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் பழக்கத்தில் இடது பக்கம் போனால், எதிரே வருபவர் மீது நேராக மோத வேண்டியதுதான்.

* மழைக் காலத்தில் நீர்மட்டத்தைப் பாருங்கள். தாழ்வான பாதை என்பதால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது இதுதான். 2013 ஜூனில் பஸ்ஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. ஊரின் பழைய டவுன்ஹால் சுவரில் அந்தந்த ஆண்டு வெள்ளத்தின் உயரத்தைக் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

* ஆற்றைக் கடக்கும் படகுகள் இரவில் ஓடாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

ஒரு வாரம் லீவு கிடைக்காதா? வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க் போய், கிரெம்ஸ் வரை 35 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு, மறுபடி ரயிலேறி இரவுச் சாப்பாட்டுக்கு வியன்னா திரும்பிவிடலாம்.