ஊர் டிரான்ஸ்பார்மரைப் பேணுவோம்

பயிர் வாடும் வேளையில் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் விவசாயிகள் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. கிணற்றில் நீர் இருந்தும் வயலுக்குப் பாய்ச்ச வழியிராது. இவ்விழப்பைப் பெரும்பாலும் நாமே தடுக்கலாம். அதற்கு அக்கருவி இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர், அதாவது மின்மாற்றி, மின்சாரத்தை உண்டாக்குவதன்று. அதன் அழுத்தத்தை மாற்றித் தருவது. கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால், வெப்பமாகி வீணாகும் சக்தி நான்கு மடங்காகும். ஆகவேதான் அழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து, நெடுந்தொலைவு அனுப்புகின்றனர். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை ஊர் டிரான்ஸ்பார்மர் மோட்டாருக்கேற்ப 400 வோல்ட் அளவிற்கு இறக்குகிறது.

அதனுள்ளே மெல்லிய எஃகுத் தகடுகளாலான சட்டத்தின்மேல் இருவகைக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறுமின்சாரம் பாய்கையில் சட்டத்தில் காந்தவிசை மாறி மாறி எழுகிறது. அது மற்றச் சுருளில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை இது. இரண்டாம் சுருளில் சுற்றுகள் குறைவாயின் அழுத்தமும் குறையும். தொட்டியிலுள்ள எண்ணெய் சுருள்களின் வெப்பத்தைத் தணிக்கிறது, மின்கசிவையும் தடுக்கிறது.

ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் தாங்கும் அளவு உண்டு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோவோல்ட் ஆம்பியர் வேண்டும். 63 கிலோவோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இத்தகைய மோட்டார்கள் பத்தினைத் தாங்கும். பதினைந்து ஓடினால் சுருள் சூடேறிக் காப்பு கருகும், கருவியே எரியும்.

ஆகவே நாம் செய்யவேண்டுவன சில. அனுமதித்த திறனுக்கு மேற்பட்ட மோட்டாரைப் பொருத்தலாகாது. திருட்டுக் கொக்கி போடலாகாது. அருகருகே உள்ளோர் முறைவைத்து நீர் இறைப்பது நன்று. மோட்டாருக்குத் தகுந்த கெப்பாசிட்டர் பொருத்தினால் அது இழுக்கும் மின்னோட்டம் குறையும். கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் வீணாவதும் குறையும். பியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டுவது பெருந்தவறு, உயிருக்கும் ஆபத்து. எண்ணெய் கசிந்தாலோ வழக்கத்திற்கு மாறான இரைச்சல் கேட்டாலோ மின்வாரிய அலுவலகத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

“பாசன மின்சாரம் இலவசந்தானே, சிக்கனம் எதற்கு?” என்று சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. மின்சாரத்திற்கு விலையில்லை, ஆயின் வாடிய பயிருக்கு விலையுண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, ஒரு டிரான்ஸ்பார்மரில் நீரிறைக்கும் விவசாயிகளை ஒன்றுகூட்டி முறை வகுப்பார்களாயின், அது ஊருக்குச் செய்யும் நற்பணியாகும்.