மிளகின் காரமும் பிந்திவரும் உச்சியும்

மாத்தளை மாவட்டத்து மிளகுச் செய்கையாளர் காரத்தை நாவினால் அறிவர். மிளகுச் சத்தை வடித்தெடுக்கும் தொழிற்சாலையினரோ அதனை எண்ணிற் கேட்பர். டென்மார்க்கு அறிஞர் ஏர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்த பைப்பரீன் என்னும் சேர்வையின் அளவே அவ்வெண். அது தவறுமாயின் நல்ல மிளகும் தரங்குறைந்ததாகிவிடும், நட்டம் விளைவித்தவருக்கே. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே அமைந்திருப்பதால், இம்மாவட்டத்துக்கு இவ்வினா புதியதன்று.

திரவ நிறப்பகுப்பியல் முறையில், மிளகிலிருந்து பெற்ற கரைசல் மெதனோலும் நீரும் சேர்ந்த கலவையுடன், பதினெட்டுக் காபன் சங்கிலிகள் பிணைந்த சிலிக்கா நிரப்பிய நிரலினூடு செலுத்தப்படும். வெளிவரும் பைப்பரீனை 343 நனோமீற்றர் அலைநீளத்திற் காண்கிறோம். எனினும், அது பைப்பரீன்தான் என்பதற்கு நமக்குள்ள சான்று பெரும்பாலும் அது வெளிவரும் நேரமே. நேற்று 6.00 நிமிடத்தில் தோன்றிய உச்சி இன்று 6.32இல் தோன்றுமாயின், கணினி அதனைத் தவறவிடலாம். அயலிலுள்ள வேறோர் உச்சிக்கு அப்பெயரைச் சூட்டவுங்கூடும்.

இத்தகைய நிலையில் முதலில் நோக்கவேண்டியது, நிரலிற் சற்றும் தங்காது வெளியேறும் பொருளின் நேரம். 150 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் உள்விட்டமும் உள்ள நிரலில், நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் பாய்ச்சலில், அது ஏறத்தாழ 1.5 நிமிடமாகும். அதுவும் அதே விகிதத்திற் பிந்தினால் குற்றம் பாய்ச்சலிலே. ஒழுக்கோ, பம்பியின் வால்வில் சிக்கிய வளிக்குமிழோ பாய்ச்சலை 0.95 மில்லிலீற்றராகக் குறைத்தாற் போதும், 6.00 நிமிடம் 6.32 ஆகிவிடும். வெளியேறும் திரவத்தைப் பத்து நிமிடம் அளவுச்சாடியிற் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

அந்நேரம் மாறாது பைப்பரீன் மட்டும் பிந்துமாயின், கலவையையும் வெப்பநிலையையும் ஆராய்தல் வேண்டும். (அமிலத்தன்மையைச் சந்தேகித்து நாளை வீணாக்குவோர் பலர். பைப்பரீன் ஓர் ஏமைட்டு, வழமையான பீ.எச். வீச்சில் அது ஏற்றம் பெறுவதில்லை.) மெதனோலின் பங்கு நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே நிரலில் தங்கும் நேரம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நீளக்கூடும். ஒருவர் 700 மில்லிலீற்றர் மெதனோலையும் 300 மில்லிலீற்றர் நீரையும் வெவ்வேறாக அளந்து கலக்கிறார். மற்றவர் அதே மெதனோலை எடுத்து, ஒரு லீற்றர் குறிவரை நீர் விடுகிறார். கலக்கும்போது கனவளவு சுருங்குவதால் பின்னவர் கலவையில் நீர் மிகுந்துவிடுகிறது. இருவரும் தம் குறிப்பேட்டில் 70:30 என்றே எழுதுவர்!

வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் தங்கும் நேரம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டுவரை குறையும். நிரலுக்கு வெப்பக்காப்பு இல்லாத இடத்தில், காலையிற் பிந்திய உச்சி நண்பகலில் முந்தும். 2022இன் நீண்ட மின்வெட்டுகள் போன்ற தடைகளின் பின், ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கலவையேனும் ஓடி நிரல் சமநிலை அடையுமுன் பெற்ற பெறுமானங்களை நாம் ஏற்கலாகாது.

ஒளியின் விளைவை மட்டும் நேரமாற்றத்தோடு குழப்பிக்கொள்ளல் தகாது. வெளிச்சத்தில் வைத்த கரைசலில் பைப்பரீன் தன் சமபகுதியங்களாக மாற, அதன் உச்சி சிறுத்து அயலிற் புதிய உச்சிகள் எழும். ஆதலால் மாதிரியைக் கபிலநிறக் குப்பியிலிடுகிறோம். நியமக் கரைசலையும் அவ்வாறே காத்தல் வேண்டும். அது சிதைந்தால் மிளகின் காரம் உள்ளதிலும் கூடுதலாகக் கணிக்கப்படும்.