கிடங்கு ரசீதும் நெல் விற்பனையும்

அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒருங்கே விற்பதால் வெளிச்சந்தையில் நெல் விலை தாழ்கிறது. பணமுடையுள்ள மிராசுதாரர் விலை ஏறுமளவும் காத்திருக்க உதவுவது கிடங்கு ரசீது.

கிடங்கு ரசீதாவது, ஒப்படைத்த தானியத்தின் ரகம், எடை, தரம் முதலியவற்றைக் கிடங்குக்காரர் குறித்துத் தரும் ஆதாரம். 2007-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்ற கிடங்கின் கைமாற்றத்தக்க ரசீதைப் பாங்கியில் ஈடு வைத்துக் கடன் பெறலாம். பிறருக்கு விற்கவும் செய்யலாம். அதற்காக மூட்டைகளைப் பெயர்க்க வேண்டுவதில்லை. 2017 முதல் இந்த ரசீது மின்னணுப் பதிவாக வழங்கப்பட்டு வருகிறது.

ஆயினும், ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட நெல்லில் பூசணம் பற்றக் கூடுமாதலால், நன்கு உலர்த்தியே கிடங்குக்கு அனுப்புதல் வேண்டும். வாடகையும் வட்டியும் சேர்ந்து விலையேற்றத்தை விஞ்சுமாயின் காத்திருத்தல் நஷ்டமே. இக்கணக்கைக் குடியானவர்களுக்குக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பார்களாக.