உங்களுக்குத் தெரியுமா? – 0.005 விநாடியில் கைமாறிய தங்கம்

2024 ஆகஸ்ட் 4 அன்று நடந்த பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில், அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் இருவருமே 9.79 விநாடியில் ஓடி முடித்தனர். எல்லைக்கோட்டுப் படமே வெற்றியாளரைத் தீர்மானித்தது. தலையோ கையோ காலோ முந்தினால் கணக்கில்லை. மார்பும் வயிறும் அடங்கிய உடற்பகுதி கோட்டின் முன்விளிம்பை எட்டும் நேரமே கணக்கு. விநாடியை ஆயிரமாகப் பிரித்துப் பார்த்ததில் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. அந்த வேகத்தில் இந்த இடைவெளி ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. அமெரிக்காவின் ஃபிரெட் கெர்லி 9.81 விநாடியில் வெண்கலம் வென்றார். எட்டாவதாக வந்தவரின் நேரமே 9.91 விநாடி. எட்டுப் பேரும் 10 விநாடிக்குள் ஓடி முடித்த முதல் ஒலிம்பிக் இறுதிப் போட்டி இதுதான்.