ஆறுதல் வார்த்தை மட்டும் போதுமா?

மூன்று தசாப்த கால யுத்தம், 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி தாக்கிய ஆழிப்பேரலை, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் என அடுத்தடுத்து நேர்ந்த துயரங்கள் தமிழ் பேசும் மக்களின் உள்ளங்களில் ஆழமான வடுக்களை விட்டுச் சென்றுள்ளன. உறக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், கண்ட காட்சி மீண்டும் மீண்டும் மனக்கண்ணில் தோன்றுதல், காரணம் புலப்படாத தலையிடி என்பன பல ஆண்டுகளின் பின்னரும் நீடிக்கக்கூடும். பலர் இவற்றை உடல் நோயென்றே எண்ணி, வெளிநோயாளர் பிரிவில் மாத்திரை பெற்றுத் திரும்புகின்றனர்.

உதவி தேவையென உணர்ந்தவருக்கு அடுத்து எழுவது, யாரை நாடுவது என்ற கேள்வியாகும். கனிவுள்ள ஒருவரைத் தேடுவது இயல்பே. ஆயினும், அக்கனிவோடு ஒளிவுமறைவற்ற பேச்சும் சேர்ந்திருத்தல் வேண்டும் என்பதையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.

ஆழிப்பேரலையின் பின்னர் உளவளத்துணை வழங்கவெனப் பலர் நல்லெண்ணத்துடன் எமது கரையோரங்களுக்கு வந்தனர். அவர்களுள் எமது மொழியை அறியாதோரும், குறுகிய காலத்தில் புறப்பட்டுச் சென்றோரும் இருந்தனர். நடந்ததை உடனே கொட்டித் தீர்த்தால் மனம் தேறிவிடும் என்ற எண்ணம் அன்று பரவலாக நிலவியது. எனினும், ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைப்பது மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பதையும், சிலருக்கு அது தீங்காகவும் அமையலாம் என்பதையும் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் பாதுகாப்புணர்வை ஏற்படுத்தல், நினைவுகூர்ந்து துக்கித்தல், வாழ்வுடன் மீள இணைதல் என மூன்று படிகளை வகுத்துள்ளார். பேசவைப்பது இவற்றுள் முதற்படியல்ல என்பது கவனிக்கத்தக்கது.

நல்ல உளவளத்துணையாளர் தமது பயிற்சி யாது, சந்திப்புகள் ஏறத்தாழ எவ்வளவு காலம் தொடரும், இரகசியம் எந்த அளவுக்குக் காக்கப்படும் என்பவற்றை ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்துவார். எல்லாம் சரியாகிவிடும் என வாக்களிக்கமாட்டார். மதுவில் துயரை மறைப்பவரிடம், அது துயரைத் தீர்க்கவில்லை என்பதை நோகடிக்காமலும் மறைக்காமலும் எடுத்துரைப்பார். தமது ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிலையெனில் உளமருத்துவரிடம் அனுப்பத் தயங்கமாட்டார்.

காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் விடயத்தில் இந்நேர்மை மிகவும் அவசியமாகின்றது. "உங்கள் மகன் நிச்சயம் வருவார்" என்பதும் "அவரை மறந்துவிடுங்கள்" என்பதும் இரண்டுமே தவறானவை. விடை தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அந்நிச்சயமின்மையுடன் அன்றாட வாழ்வைக் கொண்டு நடத்த அத்தாய்க்குத் துணைநிற்பதே உளவளத்துணையாளரின் பணியாகும். நம்பிக்கையைக் கைவிடுமாறு வற்புறுத்தும் உரிமை அவருக்கில்லை.

அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இச்சேவையை இலவசமாகப் பெறலாம். பல பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. தமது மொழியில் பேசக்கூடியவரைக் கேட்பதோ, பெண்கள் பெண் உளவளத்துணையாளரைக் கோருவதோ தவறல்ல. சில சந்திப்புகளின் பின்னரும் மனம் ஒன்றாவிடின் வேறொருவரை நாடலாம். இதனைப் பைத்தியமென முத்திரை குத்தும் வழக்கத்தைக் குடும்பத்தவர் கைவிடல் வேண்டும். தகுந்த பயிற்சியுடன் தமிழில் பேசும் உளவளத்துணையாளர்களைப் போதியளவில் நியமிப்பது சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் கடப்பாடாகும்.